தரகர் யாருடைய ஆள்?

மாட்டுச் சந்தையைப் பார்த்திராத மாணவர் இன்று பலர் இருத்தல் கூடும். ஆதலின் அங்கு நிகழும் ஒரு காட்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். விற்பவர் ஒருபுறம் நிற்பார். வாங்க வந்தவர் மறுபுறம் நிற்பார். இடையில் தரகர் நிற்பார். அவர் தம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவரின் கைமேல் போர்த்துவார். துண்டுக்கு அடியில் அவர் விரல்களைப் பற்றுவார். பிடித்த விரல்களின் கணக்கே விலை. பிறகு அதே துண்டுடன் வாங்குபவரிடம் செல்வார். சுற்றி நிற்கும் நூறு பேரில் ஒருவருக்கும் விலை தெரியாது. இறுதியில் பேரம் படிந்தது என்று தரகர் கூறுவார், மாடு கைமாறும், அவரும் தம் கூலியைப் பெற்றுக்கொண்டு அடுத்த மாட்டை நோக்கி நடப்பார்.

இம்முறையில் ஒரு நன்மை உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு. பிறர் குறுக்கிட்டுப் பேரத்தைக் கெடுக்க இயலாது என்பது நன்மை. விற்பவரின் கையில் பிடித்த விரலும் வாங்குபவரின் கையில் பிடித்த விரலும் ஒன்றுதானா என்பது தரகர் ஒருவருக்கே தெரியும் என்பது ஆபத்து. மாட்டுப் பேரத்தில் ஏமாந்தால் நட்டம் சில ஆயிரத்தோடு போகும். வீட்டுப் பேரத்தில் அந்தத் துண்டு விழுந்தால் ஒரு குடும்பத்தின் முப்பதாண்டு உழைப்பில் ஒரு பகுதி அதன் அடியிலேயே மறைந்துவிடும். வீட்டுத் தரகு பற்றிய விதிகள் நம் நாட்டிலும் வெளிநாடுகளிலும் அண்மைக் காலத்தில் மாறி வருகின்றன. அவ்விதிகள் பலவாயினும் நோக்கம் ஒன்றே. துண்டை எடுத்துவிட்டு விரல்களை எல்லாரும் காணச் செய்தலே அந்நோக்கம். அவை எவ்வளவு எடுத்திருக்கின்றன, இன்னும் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை இன்று ஆராய்வோம்.

நான் ஏலகிரியில் வாழ்பவன். மலையடியிலுள்ள பொன்னேரியிலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் எங்கள் ஊர் வரும். அத்தனாவூர், நிலாவூர் முதலான பதினான்கு சிற்றூர்கள் கொண்டது இம்மலை. மலையாளி என வழங்கும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்கின்றனர். கீழே சமவெளியில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் தொழில் நடக்கும் ஊர்கள். தோல் பதனிடும் இடங்களிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில், ஐந்து சென்ட் மனையாவது வாங்கிவிட வேண்டும் என்பது அங்குள்ள குடும்பங்களின் கனவு. மலைமேல் விடுதிகளும் ஓய்வு இல்லங்களும் பெருகியதால், பலா மரம் நின்ற கொல்லைக்கும் இன்று விலை கேட்டு ஆள் வருகிறது. ஆகவே மேலும் கீழும் தரகர்க்கு வேலை மிகுதி.

தரகு என்றவுடன் முகம் சுளிப்பார் சிலர். அது முறையன்று. ஆம்பூரில் ஒருவர் வீடு விற்க எண்ணுகிறார். திருப்பத்தூரில் ஒருவர் அத்தகைய வீட்டைத் தேடுகிறார். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரையும் கூட்டிவைப்பது உழைப்பு. பத்து வீடுகளைக் காட்ட வெயிலில் நடப்பதும், பட்டா யார் பெயரில் உள்ளது என்று விசாரிப்பதும், முறிந்துபோகும் பேச்சை ஒட்டவைப்பதும் உழைப்பு. அவ்வுழைப்புக்குக் கூலி உண்டு. அக்கூலியை யார் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்பொழுது கொடுப்பது, அதைப் பெறுபவர் யாருக்காகப் பேசுகிறார் என்ற நான்கு வினாக்களுக்கும் தெளிவான விடை இல்லாதபோதுதான் தொல்லை பிறக்கிறது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். முப்பது லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு விலையாகிறது என்று கொள்க. தமிழ்நாட்டில் தரகுக்கு எல்லா ஊர்க்கும் பொதுவான விகிதம் கிடையாது. நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று இருதரப்பிலும் வாங்குவது பெருவழக்கு. இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். விற்பவர் 60,000 ரூபாயும் வாங்குபவர் 60,000 ரூபாயும் தருகின்றனர். ஆகத் தரகு 1,20,000 ரூபாய். வாங்குபவர் இதனோடு அரசுக்கு முத்திரைத் தீர்வையாக நூற்றுக்கு ஏழும் பதிவுக் கட்டணமாக நூற்றுக்கு இரண்டும், அதாவது 2,70,000 ரூபாய் செலுத்துகிறார். அரசுக்குத் தருவதற்கு ரசீது உண்டு, விதி உண்டு, யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தரகாகத் தரும் 1,20,000 ரூபாய்க்குப் பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டும் இருப்பதில்லை.

இக்கணக்கில் மறைந்துள்ள மற்றொரு செய்தியையும் கவனியுங்கள். விற்பவர்க்கு முப்பது லட்சத்துக்குப் பதிலாக முப்பத்தொரு லட்சம் கிடைக்குமானால் அவருக்கு ஒரு லட்சம் ஆதாயம். அதற்காக மேலும் இரண்டு மாதம் அலையும் தரகர்க்கு இருதரப்பிலும் சேர்த்துக் கூடுதலாகக் கிடைப்பது நாலாயிரம் ரூபாய். ஆகவே கிடைத்த விலைக்கு இன்றே முடித்துவிடுவது அவருக்கு நல்லது. விற்பவர்க்கோ காத்திருப்பது நல்லது. வாங்குபவர் பக்கம் நிலைமை இன்னும் விந்தையானது. விலையைக் குறைத்துத் தர வேண்டும் என்று அவர் தரகரை நம்புகிறார். விலை குறையக் குறையத் தரகரின் கூலியும் குறைகிறது. ஒருவர் நேர்மையானவராகவே இருந்தாலும், அவர் கூலி பெறும் முறை அவரை ஒருபுறம் இழுத்துக்கொண்டே இருக்கும். தனிமனிதரைக் குறை கூறுவதைவிட இந்த இழுப்பை அறிந்துகொள்வதே நமக்குப் பயன்படும்.

இதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன். என் மூத்த தமக்கையாரின் கணவரை நாங்கள் மாமா என்றே அழைப்போம். அவர் தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் முப்பதாண்டுகள் உழைத்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று காலும் கையும் வெளுத்துப் போனவர். மலையடியில் ஐந்து சென்ட் மனை ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். மகளின் கல்லூரிச் செலவுக்காக அதனை விற்க நேர்ந்தது. தரகர் ஒருவர் வந்தார். “சென்ட் இரண்டு லட்சம் உங்கள் கைக்கு வந்துவிடும். என் தரகைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், உங்களிடம் ஒரு காசும் வாங்கமாட்டேன்” என்றார். மாமாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தரகே கேட்காத தரகர் எங்கே கிடைப்பார்?

பத்திரம் பதியும் நாளில் நானும் உடன் சென்றிருந்தேன். வாங்க வந்தவர்கள் இளந்தம்பதியர். இருவரும் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். காத்திருந்த நேரத்தில் அந்தப் பெண் என் தமக்கையாரிடம், “சென்ட் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் என்றபோது மலைத்துப் போனோம் அக்கா, ஆனாலும் இடம் மனத்துக்குப் பிடித்துவிட்டது” என்றார். தமக்கையார் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். பிறகு விசாரித்ததில் முழுக் கணக்கும் வெளிவந்தது. வாங்கியவர்கள் தந்தது 13 லட்சம். மாமாவுக்கு வந்தது 10 லட்சம். இடையே 3 லட்சம். போதாதென்று 13 லட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் 26,000 ரூபாய் தரகும் அத்தம்பதியரிடம் வாங்கப்பட்டிருந்தது. தரகே இல்லை என்று சொல்லப்பட்ட கிரயத்தில் தரகர்க்குச் சேர்ந்தது 3,26,000 ரூபாய்.

பத்திரத்தில் எழுதப்பட்டிருந்த விலை 10 லட்சமே. “குறைத்து எழுதினால் முத்திரைச் செலவு மிச்சம்” என்று வாங்கியவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அந்த மிச்சம் 27,000 ரூபாய். அதற்காக அவர்கள் தந்த 3 லட்சம் எந்தக் காகிதத்திலும் இல்லாமற் போயிற்று. நாளை அவர்கள் அம்மனையை விற்கும்போது, வாங்கிய விலை 10 லட்சம் என்றே வருமான வரிக் கணக்கில் காட்ட இயலும். இல்லாத ஆதாயத்துக்கு வரி கட்ட வேண்டி வரும். விலையைக் குறைத்து எழுதுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அது வாங்குபவர்க்கே குழி தோண்டும் வேலை என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.

வீடு திரும்பும் வழியில் மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தரகு கேட்டவனை எல்லாம் சந்தேகப்பட்டேன் மச்சான், கேட்காதவனை நம்பினேன்” என்றார். நான் முப்பதாண்டு பிள்ளைகளுக்குச் சதவீதக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். ஆனாலும் பேச்சு நடந்த நாளில், மீதி எவ்வளவுக்குப் போகிறது என்று தரகரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குறை என்னுடையது.

இத்தகைய செயலுக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்கலாம். இவ்விடத்தில் ஒரு பழைய சட்டத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒருவருக்காகச் செயற்படுபவரை அது முகவர் என்கிறது. அவரை ஏவியவரை முதல்வர் என்கிறது. முகவர் தம் முதல்வர்க்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்று 213-ஆம் பிரிவு கூறுகிறது. முதல்வர்க்குத் தெரியாமல் அவர் காரியத்தில் முகவர் தம் சொந்தக் கணக்கில் இறங்கிப் பெற்ற ஆதாயத்தை முதல்வர் கேட்டுப் பெறலாம் என்று 216-ஆம் பிரிவு கூறுகிறது.

இதற்கு அச்சட்டமே தரும் எடுத்துக்காட்டு மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு குறிப்பிட்ட வீட்டைத் தமக்கு வாங்கித் தருமாறு ஒருவர் தம் முகவரிடம் கூறுகிறார். முகவரோ அவ்வீடு கிடைக்காது என்று பொய் சொல்லிவிட்டுத் தாமே அதனை வாங்கிக்கொள்கிறார். உண்மை தெரிந்தவுடன், தாம் வாங்கிய அதே விலைக்கு அவ்வீட்டைத் தமக்கு விற்குமாறு முதல்வர் அவரைக் கட்டாயப்படுத்தலாம். மேலும், தனி உடன்பாடு எதுவும் இல்லையேல் ஒப்படைத்த காரியம் முடிந்த பிறகே முகவர்க்குக் கூலி சேரும் என்று 219-ஆம் பிரிவும், தவறான முறையில் நடத்திய காரியத்துக்குக் கூலி பெற அவருக்கு உரிமையில்லை என்று 220-ஆம் பிரிவும் விதிக்கின்றன.

அப்படியானால் மாமா ஏன் வழக்குத் தொடரவில்லை? தரகர் தம்முடைய முகவர் என்று காட்ட அவரிடம் ஒரு வரி எழுத்தும் இல்லை. தாம் வாங்குபவரின் ஆள் என்று தரகர் சொல்லலாம். வாங்கியவர்கள் கேட்டால் தாம் விற்றவரின் ஆள் என்று சொல்லலாம். சட்டம் இருந்தது, அதனைப் பற்றிக்கொள்ள ஒரு காகிதம் இல்லை. புதிய விதிகளின் தேவை இங்கிருந்தே பிறக்கிறது.

நம் நாட்டில் வந்த பெரிய மாற்றம் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம். அதன் முதன்மையான பிரிவுகள் 2017 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாடும் அவ்வாண்டே தனக்குரிய விதிகளை வகுத்து, ஒழுங்குமுறை ஆணையத்தை ஏற்படுத்தியது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ மனைப்பிரிவு அல்லது அடுக்ககம் அமைத்து விற்பவர் அத்திட்டத்தை ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அத்தகைய திட்டத்தில் மனையோ வீடோ விற்றுக் கொடுக்கும் தரகரும் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது 9-ஆம் பிரிவு. பதிவு எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் அவர் குறிப்பிட வேண்டும்.

10-ஆம் பிரிவு தரகரின் கடமைகளைச் சொல்கிறது. பதியப்படாத திட்டத்தில் அவர் விற்பனைக்குத் துணைபோகக் கூடாது. கணக்கேடுகள் வைத்திருக்க வேண்டும். இல்லாத வசதியை உண்டு என்று கூறலாகாது. வாங்குபவர்க்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் முன்பதிவின்போதே கிடைக்கச் செய்ய வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டம். அது அவர் விற்றுக் கொடுத்த மனை அல்லது வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வரை செல்லலாம். திட்டத்தை அமைப்பவரும் எழுத்து வடிவிலான விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது.

இவை நல்ல மாற்றங்கள். ஆயினும் இச்சட்டம் செய்யாதவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். தரகு நூற்றுக்கு இவ்வளவு என்று அது வரையறுக்கவில்லை. இரண்டாவதாக, அதன் வீச்சு திட்டங்களைப் பற்றியது. தனியொருவர் தம் பழைய வீட்டையோ மாமாவைப் போல் ஒற்றை மனையையோ மற்றொருவர்க்கு விற்கும்போது, இடையில் நிற்பவர் இதன் கீழ்ப் பதிந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் எழுவதில்லை. நம் ஊர்ப்புறங்களில் நடக்கும் கிரயங்களில் பல இத்தகையனவே. அங்கே இன்றும் 1872-ஆம் ஆண்டுச் சட்டமும் நாம் எழுதி வாங்கும் காகிதமுமே காவல்.

விகிதத்தையே விதியாக வரையறுத்த மாநிலமும் உண்டு. ஹரியானாவில் 2008-ஆம் ஆண்டு சொத்துத் தரகர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் அமைந்த விதிகள் தரகை மொத்தம் நூற்றுக்கு ஒன்று என்றும், அதனை இருதரப்பும் பாதி பாதியாகத் தர வேண்டும் என்றும் வகுத்தன. அம்முறையில் நம் முப்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு மொத்தத் தரகு 30,000 ரூபாய்தான். ஆனால் விகிதத்தைக் கட்டினால் மட்டும் போதுமா? மாமாவிடம் தரகர் கேட்ட விகிதம் சுழி. சுழி என்று எழுதிய விதியாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆகவே விகிதத்தைவிட, தரகர் யாருடைய ஆள் என்ற வினா பெரிது. அதற்கு வெளிநாடுகள் சில தந்துள்ள விடைகளைப் பார்ப்போம்.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டு வீட்டு முகவர் சட்டம் வந்தது. ஒரே விற்பனையில் ஒரே முகவர் இருதரப்புக்கும் ஆளாக இருத்தல் அங்கே தடை செய்யப்பட்டுள்ளது. வீடு வாங்கும் பணத்தையும் முன்பணத்தையும் முகவர் தம் கையில் வாங்கவே கூடாது. இந்த இரண்டு விதிகளும் எங்கள் மலையடியில் இருந்திருந்தால் மாமாவின் 3 லட்சம் எங்கும் மறைந்திருக்க வழியில்லை. தரகு விகிதத்தையோ அங்கே அரசு கட்டவில்லை. பேசி முடிவு செய்ய விட்டுவிட்டது.

ஜெர்மனி நாட்டில் 2020 டிசம்பர் 23 முதல் ஒரு புதிய விதி நடப்பில் உள்ளது. முன்னர் பல பகுதிகளில், விற்பவர் அமர்த்திய தரகர்க்கு வாங்குபவரே முழுக் கூலியும் தர நேர்ந்தது. வீடு அரிதாகிய நகரங்களில் மறுத்துப் பேச அவர்க்கு வழியில்லை. இப்பொழுது, குடியிருக்க வீடு வாங்கும் ஒருவரிடம், விற்பவர் அமர்த்திய தரகரின் கூலியில் பாதிக்கு மேல் சுமத்த இயலாது. தம் பங்கைச் செலுத்திவிட்டதாக விற்பவர் காட்டிய பிறகே வாங்குபவரின் பங்கு கேட்கத் தக்கதாகும். கூலி தருபவர்தாமே ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது விலை பேசுவார் என்பது இதன் அடிப்படை.

மிகப் பெரிய மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அங்கே விற்பவர்க்கு ஒரு முகவர், வாங்குபவர்க்கு ஒரு முகவர் என்று இருவர் உண்டு. ஆனால் இருவரின் கூலியையும் விற்பவரே தருவது நெடுநாள் வழக்கம். இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு ஐந்து, ஆறு என்று இருந்தது. வாங்குபவரின் முகவர்க்கு எவ்வளவு பங்கு என்பதை விற்பனைப் பட்டியலிலேயே குறித்துவிடுவார்கள். பங்கு குறைவாக உள்ள வீட்டை முகவர்கள் காட்டாமல் தவிர்ப்பார்கள் என்ற அச்சத்தால் விற்பவர்கள் அதனைக் குறைக்கத் துணியவில்லை. இது போட்டியைத் தடுக்கும் முறை என்று வழக்கு எழுந்தது. மிசௌரி மாநிலத்துக் கான்சஸ் நகரில் 2023 அக்டோபர் 31-இல் நடுவர் குழு, வழக்குத் தொடுத்த வீட்டு விற்பனையாளர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் தேசிய வீட்டு முகவர் சங்கம் 41 கோடியே 80 லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. 2024 ஆகஸ்டு 17 முதல் விதிகள் மாறின. பட்டியலில் பங்கைக் குறிக்கலாகாது; வாங்குபவர்க்கு வீட்டைக் காட்டுமுன் முகவர் தம் கூலியை எழுதிக் கையொப்பம் பெற வேண்டும்.

இதனால் விளைந்தது என்ன? கூலி உடனே சரிந்துவிடவில்லை. பல இடங்களில் விற்பவர்களே இன்னும் இரு கூலியையும் தருகின்றனர். விற்பவர் மறுத்தால், முதல் வீடு வாங்கும் இளங்குடும்பம் முன்பணத்தோடு முகவரின் கூலியையும் கையிலிருந்து தர வேண்டியதாகிறது. அது புதுச் சுமை. மறுபுறம், என் முகவர்க்கு நான் எவ்வளவு தருகிறேன் என்பதை வீடு பார்க்குமுன்னரே ஒவ்வொருவரும் அறிகின்றனர். அதிகம் என்று தோன்றினால் பேசலாம், வேறு ஆளைத் தேடலாம். விதி மாறினால் எல்லாருக்கும் இலாபம் என்று எண்ணிவிடக் கூடாது. சுமை ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறக் கூடும். முதலில் சுமையின் எடை தெரிந்தது என்பதே அமெரிக்க மாற்றத்தின் நிச்சயமான பயன்.

தரகை விற்பவர் தந்தால் வாங்குபவர்க்குச் செலவில்லை என்று நினைப்பதும் தவறே. முப்பது லட்சம் கையில் நிற்க வேண்டும் என்று எண்ணும் விற்பவர், தாம் தரப்போகும் தரகையும் சேர்த்தே விலை சொல்வார். வாங்குவோர் பலர் போட்டியிட்டால் அவ்விலை செல்லும். வாங்குவோர் குறைவாயின் அவரே அதனைத் தாங்குவார். ரசீதில் யார் பெயர் உள்ளது என்பதைவிட, அவ்வூரில் அன்று யாருக்கு அவசரம் மிகுதி என்பதே சுமை யார்மீது விழும் என்பதைத் தீர்மானிக்கும்.

மீண்டும் எங்கள் மலைக்கு வருவோம். அவசரம் இங்கு யாருக்கு என்று எண்ணிப் பாருங்கள். நகரத்திலிருந்து ஓய்வு இல்லத்துக்கு இடம் தேடி வருபவர் இவ்வாண்டு கிடைக்காவிடில் அடுத்த ஆண்டு வருவார். மருத்துவச் செலவுக்கோ மகளின் திருமணத்துக்கோ கொல்லையை விற்கும் மலைக்குடியானவர்க்கு அடுத்த வாரம் பணம் வேண்டும். அக்கம்பக்கத்தில் என்ன விலை போகிறது என்பதும் அவர்க்குத் தெரியாது. அவர் விற்பது மீண்டும் வாங்க முடியாத பொருள். “உங்கள் கைக்கு இவ்வளவு” என்ற சொல் அவரிடத்தில்தான் மிகுதியாகப் பேசப்படுகிறது.

வாங்குபவர்க்கும் இங்கே தனி அபாயங்கள் உண்டு. நிபந்தனைப் பட்டா நிலம் எனில், அரசு விதித்த நிபந்தனைக்கு மாறாக அதனை விற்க இயலாது. மலைப்பகுதியில் மனைப்பிரிவும் கட்டடமும் தனி அனுமதிகளுக்கு உட்பட்டவை. இவற்றை வாய்மொழியாகக் கேட்டு நம்பலாகாது. பட்டாவும், மூலப்பத்திரங்களும், வில்லங்கச் சான்றும், மனைப்பிரிவானால் அங்கீகார ஆணையும் கண்ணால் பார்க்க வேண்டும். அவற்றைத் தேடித் தருவது தரகர் பெறும் கூலிக்கு உரிய வேலையில் ஒரு பகுதி.

இனி, மாணவர்களாகிய உங்களுக்கு இதில் என்ன வேலை என்பதைச் சொல்லி முடிக்கிறேன். வீடு வாங்குவதும் விற்பதும் பெரியவர்கள் காரியம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். பல வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் நீங்களே. பத்திரத்தைத் தட்டுத்தடுமாறாமல் படிக்கக் கூடியவரும், நூற்றுக்கு இரண்டு என்றால் எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லக் கூடியவரும் அவ்வீட்டில் நீங்களாகவே இருத்தல் கூடும். ஆணையத்தின் இணையதளத்தில் ஒரு தரகரோ திட்டமோ பதிந்துள்ளதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். வில்லங்கச் சான்றும் இணைய வழியே பெறத் தக்கது.

தரகரோடு பேசத் தொடங்கும் நாளிலேயே ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதச் சொல்லுங்கள். அவர் யாருக்காகப் பேசுகிறார் என்பது ஒன்று. கூலி நூற்றுக்கு எவ்வளவு, அல்லது மொத்தம் எவ்வளவு என்பது இரண்டு. மறுதரப்பிலும் அவர் கூலி பெறுகிறாரா என்பது மூன்று. கூலி எப்பொழுது தர வேண்டும், ஒப்பந்தம் எழுதும் நாளிலா, பத்திரம் பதியும் நாளிலா, பேச்சு முறிந்தால் என்ன செய்வது என்பது நான்கு. விற்பவரும் வாங்குபவரும் நேரில் சந்தித்து ஒரே விலையை இருவரும் வாயால் சொல்வர் என்பது ஐந்து. இருதரப்பும் கீழே கையொப்பம் இடட்டும். பணத்தை வங்கி வழியாக விற்பவரின் கணக்குக்கே அனுப்புங்கள். தரகர்க்குத் தருவதையும் வங்கி வழியே தந்து ரசீது பெறுங்கள். விற்பவர் தாம் தந்த தரகை, ஆதாயத்துக்கு வரி கணக்கிடும்போது செலவாகக் கழித்துக்கொள்ள அந்த ரசீது வேண்டும்.

நேர்மையான தரகர் இத்தாளைக் கண்டு சினம் கொள்ளமாட்டார். பேசிய கூலி உறுதியாகக் கிடைக்கும் என்பதால் அது அவர்க்கும் பாதுகாப்பு. காரியம் முடிந்தபின் கூலி தராமல் ஏமாற்றும் விற்பவர்களும் வாங்குபவர்களும் நம்மிடையே இல்லாமல் இல்லை.

என் மருமகள், மாமாவின் மகள், அந்தப் பத்து லட்சத்தில் படித்துப் பட்டம் பெற்றுவிட்டாள். சென்ற ஆண்டு அவள் குடியிருக்க ஒரு சிறு வீடு பார்த்தாள். தரகர் வந்து பேச அமர்ந்தவுடன் அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர்முன் வைத்து, “முதலில் இதில் எழுதிவிடுங்கள் ஐயா, பிறகு வீடு பார்க்கப் போகலாம்” என்றாள். அவர் சிறிது தயங்கினார், பிறகு எழுதினார். திண்ணையில் அமர்ந்திருந்த மாமா ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.